ஆர் எழுதிக் குடுத்தது?

எங்கள் ஒழுங்கையில் மொத்தம் ஒன்பது வீடுகள். உள்துறைமுகக் கரையிலிருந்து நடந்தால் ஐந்து நிமிடம். நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருடத்தில், அந்த ஒன்பது வீடுகளிலும் எங்கெங்கே தண்ணீர் தேங்கி நிற்கிறது என்பது என்னைப்போல் தெரிந்தவர் திருகோணமலையிலேயே வேறு எவரும் இருந்திருக்க மாட்டார்.

அதற்குக் காரணம் பள்ளிக்கூடத்தில் தந்த ஒரு தாள். மாரி மழை ஓய்ந்த கையோடு டெங்கு பரவத் தொடங்கியிருந்தது. எங்கள் வகுப்பிலேயே நான்கு பேர் வரவில்லை. வகுப்பு ரீச்சர் எல்லோருக்கும் ஒவ்வொரு தாளைக் கொடுத்து, உங்கள் வீட்டுப் பக்கத்தில் நுளம்பு பெருகக்கூடிய இடங்களைப் பார்த்து எழுதி வாருங்கள் என்றார். திறமாக எழுதினால் பரிசு உண்டு என்றும் சொன்னார். மற்றப் பிள்ளைகள் சிரட்டை, பூச்சாடி, யோகட் கோப்பை என்று புத்தகத்தில் இருந்ததைப் பார்த்து எழுதிவிட்டு விளையாடப் போய்விட்டார்கள். நான் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை. அரைகுறையாக எதையும் செய்வது எனக்குப் பிடிக்காது. இரண்டு பின்னேரங்கள், பந்து தேடுகிற சாட்டில் ஒவ்வொரு வளவாக நுழைந்தேன். ஒழுங்கையைப் படமாகக் கீறினேன். வீடுகளுக்கு இலக்கம் போட்டேன். இலக்கத்துக்கு நேரே வீட்டுக்காரரின் முழுப் பெயரையும் எழுதினேன். மூன்றாம் வீட்டில் மூடியில்லாத நீலப் பீப்பாய். ஐந்தாம் வீட்டில் பாவிக்காத கிணறு. எங்கள் வீட்டில் பிரிட்ஜின் பின்னால் தண்ணீர் வடிகிற தட்டு. அதற்கு அம்மாவின் பெயர். பக்கத்து வீட்டில், அதாவது அம்மாவின் அக்காவான பெரியம்மா வீட்டில், பழைய டயர்கள் அறுபத்து மூன்று. அதில் நான்கை எட்டிப் பார்த்தேன், நுளம்புக் குடம்பிகள் புழுப்போல நெளிந்தன. அதையும் எழுதினேன்.

டயர் பெரியப்பாவின் வியாபாரம். லொறி, பஸ் டயர்களைக் கராஜ்களில் வாங்கிவந்து படகுக்காரருக்கு விற்பார். படகு கரையில் உரசாமல் பக்கவாட்டில் கட்டித் தொங்கவிட அவைதான் வேண்டும். கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். எனக்குப் பெரியப்பாவில் சரியான விருப்பம். அவர் வளவு மாமரத்தில் டயர் கட்டி எனக்கு ஊஞ்சல் போட்டுத் தந்தவர் அவர்தான்.

தாளை ரீச்சரிடம் கொடுத்தேன். வீட்டில் சொல்லவில்லை. பரிசோடு வந்து சொல்லலாம் என்று ஒரு எண்ணம். ஊரார் வளவுக்குள் நுழைந்தது தெரிந்தால் அம்மாவின் கை என் முதுகில் விழும் என்று இன்னோர் எண்ணம்.

பத்து நாள் கழித்து ஒரு காலையில் ஒழுங்கைக்குள் ஜீப் வந்து நின்றது. சுகாதாரப் பரிசோதகர்கள் இரண்டு பேர், அவர்களைத்தான் எல்லோரும் பீ.எச்.ஐ. என்பார்கள். புகை அடிக்கிற ஆட்கள் மூன்று பேர். ஒரு பொலிஸ்காரர். வந்தவர்கள் அங்குமிங்கும் தேடவில்லை. நேரே பெரியப்பாவின் வளவுக்குப் பின்பக்கம் போனார்கள். ஒருவர் நீண்ட பிடி போட்ட வெள்ளைக் கரண்டியால் டயருக்குள் இருந்து தண்ணீரைக் கோலி வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தார். போத்தலில் ஊற்றினார். பெரியப்பா சாரத்தை மடித்துக் கட்டியபடி, கடலில் கட்டப்போகிற டயரில் நுளம்பு என்ன செய்யும் என்று கேட்டுப் பார்த்தார். பரிசோதகர் தாளில் எழுதிக்கொண்டிருந்தார். பிறகு ஐந்தாம் வீட்டுக் கிணறு, மூன்றாம் வீட்டுப் பீப்பாய், கடைசியாக எங்கள் பிரிட்ஜ். அம்மாவை எச்சரித்துவிட்டுப் போனார்கள். பெரியப்பாவைத்தான் நீதவான் கோட்டுக்கு அழைத்தார்கள்.

அவருக்குத் தண்டம் விழுந்தது. அது பெரிதாகத் தெரியவில்லை. கோட்டில், களவெடுத்தவனுக்கும் கசிப்புக் காய்ச்சினவனுக்கும் நடுவில் தன்னை நிறுத்தி வைத்ததுதான் அவருக்குத் தாங்கவில்லை. இன்னொரு தடவை பிடிபட்டால் மறியல், அதாவது சிறை, என்று நீதவான் சொன்னாராம். வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்தவர், பெரியம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடிக்காமல் சொன்னார்.

“நேர போனவங்கள். ஒரு இடமும் தேடேல்ல. ஆரோ எழுதிக் குடுத்திருக்கிறான்.”

இதை வாசிக்கிறவர்களுக்கு எல்லாம் விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் கொடுத்த தாள் பள்ளிக்கூடத்துக்கு உரியது. ரீச்சர் அதைத் திருத்திப் புள்ளி போடுவார். பொலிஸ், ஜீப், கோடு எல்லாம் வேறு உலகம். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பெரியப்பாவைக் காட்டிக்கொடுத்த ஆளின் மேல் எனக்கு வந்த கோபம் முழுக்க உண்மையானது.

அன்று தொடங்கி ஒழுங்கையில் ஒருவரை ஒருவர் பார்க்கிற பார்வை மாறியது. மூன்றாம் வீட்டார் ஐந்தாம் வீட்டாரைச் சந்தேகித்தார்கள். அவர்களுக்குள் முன்பே ஒரு சண்டை இருந்தது. ஐந்தாம் வீட்டார், தெருவில் திரிகிற மான்களுக்கு மரக்கறித் தோல் வைக்கிற முதலாம் வீட்டு ஓய்வுபெற்ற இலிகிதரைச் சந்தேகித்தார்கள். அவர் எந்நேரமும் கந்தோர்களுக்குக் கடிதம் எழுதுகிறவர். பொதுக்குழாயில் குடத்தை வைத்துவிட்டு நிற்கிற பெண்கள், இன்னொருத்தி வந்தால் கதையை மாற்றினார்கள். இப்படியே போயிருந்தால் ஒன்பது வீடும் ஒன்பது ஊராகியிருக்கும். ஆனால் ஒரு கிழமைக்குள் எல்லோருக்கும் பொதுவாக ஒரு ஆள் அகப்பட்டுவிட்டார். அதில் எல்லோருக்கும் ஒரு நிம்மதி.

அவர் ஒன்பதாம் வீட்டின் முன்னறையில் வாடகைக்கு இருந்த மிட்வைஃப். ஊர் புல்மோட்டை. முப்பது வயது இருக்கும். தலையில் முக்காடு, தோளில் நீலப் பை, பழைய ஸ்கூட்டி. கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது அவருடைய வேலை. சனிக்கிழமைகளில் பஸ்ஸில் ஊருக்குப் போய் ஞாயிறு பின்னேரம் வருவார். எல்லாருடைய வளவுக்குள்ளும் அவர் போய் வருகிறவர். சுகாதாரக் கந்தோரில் வேலை. வெளியூர். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

“எங்கட ஆக்கள் எண்டா இப்பிடிச் செய்வினமே?” என்றார் பெரியம்மா.

அதுவரை பெரியம்மாவின் மகளான அக்காவை அந்த மிட்வைஃப்தான் கிழமைக்கு ஒருக்கால் வந்து பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவுக்கு ஏழாம் மாதம். அவருடைய கணவரான அத்தான் கட்டாரில் வேலை. அடுத்த தடவை மிட்வைஃப் வந்தபோது பெரியம்மா படலையைத் திறக்கவில்லை. அக்கா நித்திரை என்று உள்ளே நின்றபடியே சொன்னார். அதற்கு அடுத்த தடவையும் அக்கா நித்திரை. மிட்வைஃப் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு ஸ்கூட்டியைத் திருப்பிக்கொண்டு போனார். ஒன்பதாம் வீட்டுக்கார அம்மா அவருக்குச் சோறு சமைத்துக் கொடுப்பதை நிறுத்தினார். அவருடைய ஸ்கூட்டி சீற்றில் யாரோ மீன் கழிவைக் கொட்டி வைத்தார்கள்.

பெரியப்பா என்னைக் கூப்பிட்டு ஒரு வேலை தந்தார்.

“நீ கெட்டிக்காரி. அவ எங்க போறா, ஆரோட கதைக்கிறா எண்டு பாத்து வச்சிரு குஞ்சு.”

நான் ஒரு புதுக் கொப்பி எடுத்தேன். முதல் பக்கத்தில் ‘சந்தேக நபர்கள்’ என்று சிவப்புப் பேனையால் எழுதிக் கீழே கோடு போட்டேன். ஒன்பது வீட்டாரின் பெயர்களையும் வரிசையாக எழுதினேன். எனக்கு அந்தப் பெயர்கள் மனப்பாடம். மிட்வைஃபின் பெயருக்கு நட்சத்திரம். பிறகு நாளாந்தக் குறிப்பு. காலை ஏழு நாற்பதுக்குப் போனா. பின்னேரம் நாலேகாலுக்கு வந்தா. போனில் சிங்களத்தில் கதைத்தா. கதைத்துவிட்டுச் சிரித்தா. அந்தச் சிரிப்புக்கு இரண்டு கோடு போட்டேன்.

இன்னொரு வேலையிலும் பெரியப்பாவுக்கு உதவி செய்தேன். நகரசபை உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு போனது போக, மிச்ச டயர்களை ஒரு கிழமைக்குள் அகற்றச் சொல்லியிருந்தார்கள். அதில் இருபது நல்ல டயர்கள்; மூதூர்க்காரர் ஒருவர் மாதம் முடிய வந்து எடுப்பதாகச் சொல்லியிருந்தார். எங்கே ஒளிப்பது என்று பெரியப்பா தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். இடத்தைக் காட்டியது நான்தான். வீட்டின் பக்கவாட்டில், குளிக்கிற மறைப்புச் சுவருக்கும் அக்காவின் அறை யன்னலுக்கும் நடுவில் ஒரு சந்து. தெருவிலிருந்து பார்த்தாலும் தெரியாது, பின்வளவிலிருந்து பார்த்தாலும் தெரியாது. இரண்டு பேரும் டயர்களை உருட்டிக்கொண்டுபோய் அடுக்கி, மேலே தறப்பாள் போட்டோம். “மூளை எண்டா இதுதான்” என்று பெரியப்பா என் தலையைத் தடவினார். அடுத்த நாள் நல்ல மழை.

கொப்பியை அம்மா கண்டுபிடித்துவிட்டார். அம்மா வீட்டில் தையல் வேலை செய்கிறவர். பள்ளிச் சீருடைகளுக்கு ஓடர் எடுப்பார். துணி வெட்டும் மேசைக்குக் கீழே நான் மறைத்து வைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தால் வந்தபோது அம்மா அந்த முதல் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்தார். நான் அடிக்குத் தயாராகி முதுகைச் சுவரோடு ஒட்டினேன். அம்மா அடிக்கவில்லை. அவருடைய உதடு வெளிறிப் போயிருந்தது.

“இதை ஆருக்குக் காட்டினாய்?”

“ஒருத்தருக்கும் இல்ல. பெரியப்பாதான் பாக்கச் சொன்னவர்.”

“ஆற்ற பேரையும் எழுதாத. விளங்குதா? விளையாட்டுக்கும் எழுதாத.”

கொப்பியைக் கிழித்து எறிவார் என்று பார்த்தேன். அது அவருக்குப் போதவில்லை. வாளித் தண்ணீரில் தாள்களைப் போட்டு ஊறவிட்டு, எழுத்தெல்லாம் கரையும்வரை புட்டுக்கு மா குழைப்பதுபோலக் கையால் பிசைந்தார். பிறகு அந்தக் களியைக் கொண்டுபோய் முருங்கைக்குக் கீழே புதைத்தார்.

ஒரு பத்து வயதுத் துப்பறிவாளிக்கு இதைவிடப் பெரிய தடயம் கிடைக்குமா? ஒருவர் ஏன் சாட்சியைத் தண்ணீரில் கரைக்க வேண்டும்? அன்றிலிருந்து நான் மிட்வைஃபை விட்டுவிட்டு அம்மாவைக் கவனிக்கத் தொடங்கினேன். கொப்பி இல்லாததால் எல்லாம் மனதிலேயே.

கவனிக்கக் கவனிக்கச் சந்தேகம் கூடியது. பரீட்சை விசயமாகப் பெற்றோரைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்திருந்தார்கள். அம்மா போகும்போது நல்லாகத்தான் போனார். திரும்பி வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் தையல் மெசினுக்கு முன்னால் இருந்தார். மெசின் ஓடவில்லை. நான் படிக்கிறேனா என்று கேட்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கைப்பையை அலுமாரியில் வைத்துப் பூட்டினார்.

பள்ளிக்கூடத்தில் நடந்ததை ரீச்சரே வெகுகாலம் கழித்து எனக்குச் சொன்னார். என்னுடைய தாள்தான் முழுப் பள்ளிக்கூடத்திலும் முதலாவதாம். அதிபர் அதைச் சுகாதாரக் கந்தோருக்கு அனுப்ப, அங்கே பெரிதாகப் பாராட்டினார்களாம். காலைக் கூட்டத்தில் மேடைக்கு அழைத்துச் சான்றிதழ் கொடுக்க இருந்தார்களாம். ரீச்சர் சந்தோசமாக அந்தப் படத்தை அம்மாவிடம் காட்டியபோது, அம்மா கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டாராம். பிறகு, பரிசை வேறு பிள்ளைக்குக் கொடுங்கள், என் மகளின் பெயரை ஓரிடத்திலும் சொல்லாதீர்கள், அவளுக்கும் சொல்லாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டாராம். ரீச்சருக்குக் காரணம் விளங்கவில்லை. அம்மா கும்பிட்டபடியால் ஓம் என்று, படத்தையும் அவரிடமே கொடுத்துவிட்டாராம். பரிசு, சிரட்டையும் யோகட் கோப்பையும் எழுதிய ஒருத்திக்குப் போனது. அவளுடைய மாமா அதே பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். நான் அதையும் சந்தேகித்தேன்.

இரண்டு நாள் கழித்து, அம்மா ஒன்பதாம் வீட்டின் பின் வேலியடியில் நின்று மிட்வைஃபோடு மெதுவாகக் கதைப்பதைக் கண்டேன். கையில் மூடிய சோற்றுப் பாத்திரம். அதோடு எனக்கு எல்லாம் பொருந்திவிட்டது. இரண்டு பேரும் கூட்டு.

இந்த நேரத்தில்தான் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது.

முதலில் எங்களுக்கே தெரியாது. பெரியம்மா சொல்லவில்லை. நான் ஊஞ்சல் ஆடப் போனபோது, அக்கா போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருப்பதை யன்னலால் கண்டேன். யாருக்கும் சொல்லாதே என்று பெரியப்பா என்னிடம் சத்தியம் வாங்கினார். ஆஸ்பத்திரிக்குப் போனால் இரத்தம் சோதிப்பார்கள். டெங்கு என்று வந்தால் அங்கிருந்து பீ.எச்.ஐ.க்கு அறிவிப்பார்கள், அவர்கள் மறுபடி வீட்டைச் சோதிக்க வருவார்கள். தறப்பாளின் கீழே இருபது டயர். இந்த முறை மறியல். பெரியப்பா இதை எனக்கு ஒரு பெரிய மனிசிக்குச் சொல்வதுபோல் விளக்கினார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பப்பாசி இலைச் சாறு கொடுத்தார்கள். உடம்பு நோவுக்கு ஃபாமஸியில் ஏதோ குளிசை வாங்கிக் கொடுத்தார்கள்.

நான்காம் நாள் மதியம் பெரியம்மா மதிலுக்கு மேலால் அம்மாவைக் கூப்பிட்டார். முகத்தில் ஒரு மலர்ச்சி. “பிள்ளைக்கு நாலு நாளாக் காய்ச்சல். உனக்குச் சொல்லேல்ல. இண்டைக்கு விட்டிட்டுது. உடம்பு பச்சைத் தண்ணியாக் கிடக்கு.”

அம்மா கையில் இருந்த துணியைப் போட்டுவிட்டு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். அக்கா கட்டிலில் சரிந்து கிடந்தார். அம்மா கூப்பிட்டதற்குக் கண்ணைத் திறந்து, ஏதோ தூரத்து ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். காலையிலிருந்து மூன்று தடவை சத்தி எடுத்தாராம். வயிறு நோகுதாம். அம்மா அக்காவின் பாதங்களைத் தொட்டுப் பார்த்தார். பிறகு பெரியப்பாவிடம், “அத்தான், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவேணும்” என்றார். காய்ச்சல்தான் விட்டுவிட்டதே, இனி எதற்கு ஆஸ்பத்திரி என்றார் பெரியப்பா. அம்மா இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்தார். பெரியம்மா, நீ என்ன டொக்டரா என்று கேட்டார்.

அம்மா வெளியே போனார். அப்பா அன்றைக்குத் துறைமுகத்தில் இழுவைப்படகில் வேலையில் இருந்தார். அம்மா அவரைத் தேடிப் போகவில்லை. நேரே ஒன்பதாம் வீட்டுக்குப் போய் மிட்வைஃபைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த மனிசி மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தவர். கை கழுவாமல் அப்படியே வந்தார்.

பெரியம்மா படலையில் வந்து குறுக்கே நின்றார். சத்தம் கேட்டு மூன்றாம் வீட்டிலும் ஐந்தாம் வீட்டிலும் ஆட்கள் வெளியே வந்தார்கள்.

“இவவ ஏன் இஞ்ச கூட்டிக்கொண்டு வந்தனீ? கோட்டுக்கு ஏத்தினது காணாதாமோ?”

“அக்கா, விடு. பிள்ளைய ஒருக்கா பாக்கட்டும்.”

“காட்டிக் குடுத்தவள் என்ர வாசலுக்கு வரக் கூடாது.”

மிட்வைஃப் கையில் ஒட்டியிருந்த சோற்றை முந்தானையில் துடைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தார். பிறகு பெரியம்மாவைப் பார்த்தார்.

“அவ இல்ல அக்கா. நான்தான் எழுதிக் குடுத்தனான்.”

பெரியப்பா வீட்டு வாசலிலிருந்து இறங்கி வந்தார்.

“என்ன சொல்லுறாய்?”

“எல்லாற்ற பேரையும், எங்க எங்க தண்ணி நிக்குதெண்டும் நான்தான் எழுதிக் குடுத்தனான். இந்தப் பிள்ளைக்கு ஒண்டும் தெரியாது. இப்ப வழிய விடு.”

இந்தப் பிள்ளை என்று மிட்வைஃபைத்தான் சொல்கிறார் என்று நான் நினைத்தேன்.

மூன்றாம் வீட்டு அம்மா, அவளின்ர வீட்டையும் சேத்தெல்லோ எழுதியிருக்கு என்றார். ஐந்தாம் வீட்டுக்காரர், தன்னில சந்தேகம் வராமல் இருக்கத்தான் என்றார். பெரியம்மாவுக்கு அவை ஒன்றும் கேட்கவில்லை. படலையை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

“எங்கட தம்பியையும் இப்பிடித்தானே ஆரோ பேர் எழுதிக் குடுத்துக் கொண்டு போனவங்கள். அம்மா செத்ததும் அந்த ஏக்கத்திலதானே. நீயுமா?”

அந்தத் தம்பி எனக்கு மாமா. நான் பிறக்க முதல், சண்டைக் காலத்தில், வீட்டிலிருந்து கொண்டுபோகப்பட்டவர். திரும்பி வரவில்லை. அவரைப் பற்றி வீட்டில் யாரும் கதைப்பதில்லை. யார் பெயர் கொடுத்தது என்பது இன்றுவரை தெரியாது.

அம்மா, இல்லை என்று சொல்லவில்லை. பெரியம்மாவின் கையைப் படலையிலிருந்து மெதுவாக எடுத்தார்.

“ஓம். நானும்தான். வழிய விடு.”

பெரியம்மா விலகினார். மன்னித்து விலகவில்லை, அம்மாவில் உடம்பு படக் கூடாது என்பதற்காக விலகினார். மிட்வைஃப் உள்ளே ஓடினார். அக்காவின் நாடியைப் பிடித்துப் பார்த்தார். கண் இமையைத் தாழ்த்திப் பார்த்தார். பல்முரசில் இரத்தம் கசிகிறதா என்று பார்த்தார். வயிற்றில் கை வைத்துக் கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தார்.

“எத்தின நாளாக் காய்ச்சல் இரிக்கி?”

“நாலு நாள். இண்டைக்கு விட்டிட்டுது” என்றார் பெரியம்மா.

“விட்டதுதான் உம்மா பயம். இந்த நோயில காய்ச்சல் விடுற நேரம்தான் மோசம். ஓட்டோ புடிங்க. இப்பவே.”

யாரும் அசையவில்லை. அவர் பெரியப்பாவின் பக்கம் திரும்பினார். “புள்ளயும் தாயும் ரெண்டு உசிரு. டயரப் பொறகு பாக்கலாம்.” டயர் விசயம் அவருக்கு எப்படித் தெரியும் என்று பெரியப்பாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அறை யன்னலால் பார்த்தால் தறப்பாள் தெரிந்தது. அவ்வளவுதான்.

ஓட்டோவில் அக்காவை நடுவில் வைத்துப் பெரியம்மாவும் மிட்வைஃபும் ஏறினார்கள். அம்மா ஏறப் போனார். பெரியம்மா கையை நீட்டித் தடுத்தார். ஓட்டோ போய்விட்டது. ஒழுங்கை ஆட்கள் உள்ளே போய்விட்டார்கள். அம்மா தெருவில் நின்றார். நான் அவரிடம் போகவில்லை. பெரியப்பாவின் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

அக்கா ஆறு நாள் அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். இன்னும் அரைநாள் பிந்தியிருந்தால் ஒன்றும் செய்ய ஏலாமல் போயிருக்கும் என்று டொக்டர் சொன்னாராம். தப்பிவிட்டார். குழந்தையும் தப்பியது. மூன்றாம் நாளே பரிசோதகர்கள் வந்தார்கள். அவர்கள் வரமுதலே பெரியப்பா தறப்பாளை இழுத்து எறிந்துவிட்டு, இருபது டயரையும் தனியாக உருட்டித் தெருவில் அடுக்கி வைத்திருந்தார். ஒவ்வொன்றாகச் சரித்தபோது கறுத்த தண்ணீர் ஊற்றியது. அதில் குடம்பிகள் துள்ளின. பெரியப்பா அதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். இடத்தைக் காட்டிய பிள்ளையின் பெயரை அவர் யாருக்கும் சொல்லவில்லை. கோட்டில் தலையைக் குனிந்துகொண்டு, எல்லாம் தன்னுடைய பிழை என்றாராம். மறியல் விழவில்லை, பெரிய தண்டமும், கடைசி எச்சரிக்கையும்தான். டயர் வியாபாரத்தை அதோடு விட்டுவிட்டார்.

மிட்வைஃபை ஒழுங்கை மறுபடி ஏற்றுக்கொண்டது. மன்னிப்பு என்று யாரும் கேட்கவில்லை. ஒன்பதாம் வீட்டுக்கார அம்மா ஒரு நாள் திடீரென்று சோறும் மீன்குழம்பும் கொண்டுபோய் வைத்தார்; அவரும் ஒன்றும் கேளாமல் சாப்பிட்டார். அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தபோது பெரியம்மா முதலில் கற்கண்டு கொடுத்தது அவருக்குத்தான்.

ஒன்பதாம் வீட்டை விட்ட வெறுப்பு வெறுமனே போகவில்லை. அது எங்கள் வீட்டுக்குக் குடிவந்தது. அம்மா குழாயடிக்குப் போனால் பெண்கள் கதையை நிறுத்தினார்கள். சீருடை ஓடர்கள் குறைந்தன. மதிலுக்கு மேலால் பெரியம்மாவின் குரல் கேட்காமல் போனது. குழந்தையைப் பார்க்க எல்லோரும் போனார்கள்; அம்மா இரண்டு சின்னச் சட்டை தைத்து என்னிடம் கொடுத்தனுப்பினார். பெரியம்மா அவற்றை வாங்கி, பிரிக்காமல் கதிரையில் வைத்தார். அம்மா, குழந்தை ஆரைப் போல என்று மட்டும் கேட்டார். நான் தெரியாது என்றேன். அந்த நாட்களில் அம்மாவோடு ஒரு சொல்லுக்கு மேல் நான் கதைப்பதில்லை. பெரியப்பாவைக் காட்டிக்கொடுத்த ஆளோடு ஒரு வீட்டில் இருக்கிறேன் என்பதே எனக்குப் பெரிய விட்டுக்கொடுப்பாகப் பட்டது. ஒரு தடவை அம்மா தலை பின்ன வந்தபோது தட்டிவிட்டேன். அப்பா அதைக் கண்டார். எதையோ சொல்ல வாயெடுத்தார். அம்மா அவரைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

சித்திரை வருடப் பிறப்புக்கு முதல் நாள் என்று நினைவு. எனக்கு அந்தக் கோபம் அலுத்துவிட்டது. புத்தாண்டில் பகை வைத்திருக்கக் கூடாது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்திருந்தார்கள். அம்மா மெசினில் எனக்குத்தான் சட்டை தைத்துக்கொண்டிருந்தார். நான் போய் மேசைக்கு முன்னால் நேராக நின்றேன்.

“அம்மா, நீங்கள் செய்தது பிழைதான். எண்டாலும் நான் உங்கள மன்னிச்சிட்டன்.”

அம்மா சக்கரத்தில் கையை வைத்து மெசினை நிறுத்தினார். என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் கண்ணில் என்ன இருந்தது என்று அன்றைக்கு நான் பார்க்கவில்லை. என் கண் அரைகுறையாகத் தைத்திருந்த சட்டையில் இருந்தது.

“சரி மகள்” என்றார். “சந்தோசம். இஞ்ச வா, கழுத்து அளவு பாப்பம்.”

நான் கிட்டப் போனேன். அளவு பார்த்து முடியும்வரை அசையாமல் நின்றேன். பிறகு விளையாட ஓடினேன். எனக்கு எவ்வளவு பெரிய மனது என்று நினைத்து, அன்று பின்னேரம் முழுக்க எனக்கே என்னில் பெருமையாக இருந்தது.